நான் உண்டாக்கிய நாய்

எங்கள் சைக்கிள் குழுவில் ஏழு பேர் இருந்தோம். எல்லாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஆர்வத்தால் வந்தவர் ஒருவரும் கிடையாது. ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு டாக்டர் பயமுறுத்தி அனுப்பியதில் சேர்ந்த கூட்டம். ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் ஆரணியிலிருந்து கிளம்பி, ஒரு வாரம் போளூர் பக்கம், ஒரு வாரம் படவேடு பக்கம் என்று போய், இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். மிதித்துக் கரைத்ததைவிட ஓட்டலில் ஏற்றிக்கொண்டு வந்தது அதிகம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதைச் சரிபார்க்கும் தைரியம் எங்களுக்கு இருந்ததில்லை.

இப்போது ஆறு பேர். வராமல் போன அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் புதிதாக நாலு பேர் குழுவில் சேர வந்தார்கள். "புதுசா வர்றவங்களுக்கு ரோட்டுல எப்படி ஓட்டணும்னு பத்து பாயிண்ட் எழுதிப் போடுங்க. உங்களுக்குத்தான் எழுத வரும்" என்று என் தலையில் கட்டினார்கள். நான் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். நாளெல்லாம் உட்கார்ந்து மயிலையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக நிரப்புவது என் தொழில். வாட்ஸ்அப்பில் நான் அடிக்கும் ஜோக்குகளைப் பார்த்துவிட்டு எனக்கு எழுத வரும் என்று நம்பிவிட்டார்கள்.

முதல் இரண்டு பாயிண்ட்டும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டன.

ஒன்று, சீட்டு உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். நம்மாட்கள் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறோம். விழுந்துவிடுவோம் என்கிற பயம். அப்படி ஓட்டினால் விழ மாட்டீர்கள். ஆறு மாதத்தில் முழங்கால் விழுந்துவிடும்.

இரண்டு, ரோட்டில் உங்கள் இடம். ஓரத்து மண்ணை ஒட்டியே போகாதீர்கள். தாரின் விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளிப் போங்கள். அப்போதுதான் பஸ் வந்தால் ஒதுங்குவதற்கு இடம் மிச்சம் இருக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். தெரியாமல் ஏறிவிட்டால் திருப்பாதீர்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். மிதிப்பதை நிறுத்திவிட்டு நேராக உருண்டு போய்விடுங்கள். காய வைத்த அம்மா திட்டுவார். திட்டை வாங்கிக்கொண்டு போங்கள். எலும்பு முறிவதற்கு அது எவ்வளவோ மேல்.

மூன்றாவது பாயிண்ட்டையும் அன்றைக்கே அடித்தேன். 'பின்னால் ஆள் வரும்போது திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். முதலில் கையைக் காட்டுங்கள், குரல் கொடுங்கள், பிறகு மெதுவாக நில்லுங்கள்.' அடித்து முடித்ததும் அழித்தேன். மறுநாள் திரும்ப அடித்தேன், திரும்ப அழித்தேன். இப்படியே மூன்று வாரம். குழுவில், "பாயிண்ட் எங்க? ரெண்டோட பஞ்சரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த மூன்றாவது விதியை மீறி ஒரு மனிதரின் இடுப்பை உடைத்தவன் நான். உடைத்துவிட்டு, அதற்கு ஒரு நாயைக் காரணம் காட்டினேன். நாய் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

என் பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவில் சேர்ந்த முதல் வாரம், போளூர் ரோட்டில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது. அதன் புழுதியும் அடங்கிவிட்டது. "பஸ்ஸு போளூரே போய்ச் சேர்ந்திருக்கும், மரத்தை விடுங்க. அதுக்கு வெட்கமா இருக்குது" என்று ஒரு குரல் கேட்ட பிறகுதான் விட்டேன்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் அந்த ஏழாவது ஆள். என்னைவிட மூன்று வயது பெரியவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தலைமுறைகளாக நிலம் வைத்துப் பயிர் செய்யும் ஜைனக் குடும்பம்; அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நயினாரே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை யோவ் என்பார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். ரோட்டில் எறும்பு வரிசை கண்ணில் பட்டால் சைக்கிளை வளைத்துக்கொண்டு போவார். "எறும்புக்கு வளைஞ்சு குடுக்குறீங்க, லாரிக்கு வளைய மாட்டேன்றீங்களே" என்று கேட்டால், "லாரி என்னைப் பார்த்துக்கும். எறும்பு பார்க்குமா?" என்பார்.

ஓட்டும்போது நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால். முன்னால் போகிறவன் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வான். அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்கு மிதிப்பது சுலபமாக இருக்கும். என் முதுகு அகலம் அப்படி, அதனால் எனக்கு எப்போதும் முன்வரிசைதான். "உன் பின்னாடி வர்றது பஸ்ஸு பின்னாடி வர்ற மாதிரியே இருக்குதுயா. சில நாள் புகையும் சேர்ந்து வருது" என்பார். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இருக்காது. அந்த இடைவெளியில் ஒருவர் வருகிறார் என்றால், உன் கையில் இருக்கிற பிரேக்கை நம்பி வருகிறார் என்று அர்த்தம். இதையும் பாயிண்ட்டாக எழுதியிருக்க வேண்டும்.

இனி எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே, கைகளை மார்பு உயரத்துக்குத் தூக்கி, அசையாமல் நின்றால் நாங்கள் அவர்களுக்கு நடுவில் போக மாட்டோம். வெளியூர்க்காரன் கண்ணுக்கு நடுவில் ஒன்றும் தெரியாது. அங்கே பட்டுப் பாவு இருக்கும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் சேலையின் நீளவாட்டு இழைகளைத் தெருவில் நீட்டி, அறுந்ததை முடிந்து சரி செய்வார்கள். பெரும்பாலும் தெருவோரமாகத்தான் நீட்டுவார்கள். இடம் போதாவிட்டால் குறுக்கேயும் வரும். விடியல் வெளிச்சத்தில் ஒரு பக்கமிருந்து பார்த்தால் மின்னும். மறுபக்கமிருந்து பார்த்தால் வெறும் காற்று. அதற்குள் ஒருவன் புகுந்துவிட்டால் ஒரு வீட்டின் பல நாள் வேலை போய்விடும்.

ஏழு வயதில் நான் புகுந்திருக்கிறேன். முள்ளிப்பட்டில் எங்கள் சித்தி வீட்டுத் தெருவில் பழைய டயரை உருட்டிக்கொண்டு ஓடியபோது முகத்தில் சிலந்தி வலை பட்ட மாதிரி இருந்தது. துடைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் எந்தப் பக்கமிருந்து அறை விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடித்தவரும் அழுதார். என் அழுகை சீக்கிரம் நின்றுவிட்டது. அவருடையது நிற்கவில்லை. அதிலிருந்து இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நின்றால் போதும், என் கால் தானாகவே நின்றுவிடும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும்.

போன மார்கழி. படவேட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மற்ற ஐந்து பேரும் இன்னொரு டீக்கு நின்றுவிட்டார்கள். நயினார் கடை திறக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். "ஜல்தியா போவலாம்யா, முள்ளிப்பட்டு வழியா வுடு" என்றார். நான் முன்னால் விட்டேன். பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. வீடுகளைத் தாண்டி, மனை போட்டுக் கல் நட்டிருக்கும் வளைவுக்கு வந்தோம். நயினார் பின்னால் ஏதோ பேசிகினே வந்தார். அவர் மகளுக்குப் பார்த்திருக்கும் வரனைப் பற்றி என்று நினைக்கிறேன். கடைசியாக அவர் சொன்னது என்ன என்பதை நான் கேட்கவே இல்லை.

வளைவில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவர் கையும் மார்பு உயரத்தில். அசையாமல் நின்றார்கள்.

என் இரண்டு கைகளும் இரண்டு பிரேக்கையும் மொத்தமாகப் பிடித்தன. கை காட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. என் சக்கரம் கிறீச்சிட்டது கேட்டது. பின்னால் இரும்பும் தாரும் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அரிசி மூட்டையை லாரியிலிருந்து கீழே போடுகிற மாதிரி ஒரு சத்தம்.

பாவு ஒன்றும் இல்லை. ஒருவர் மனையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர் இரண்டு கையையும் நீட்டி, இங்கிருந்து இதுவரை என்று காட்டிக்கொண்டு போஸ் கொடுத்தார். மனை விற்கிறவர்கள். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் மணியை அடித்துவிட்டு நடுவே போயிருப்பான். நான் ஆரணிக்காரன். இல்லாத நூலுக்கு நின்றேன்.

நயினார் இடது பக்கமாக விழுந்து கிடந்தார். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. கால் மட்டும் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

"என்னாச்சுயா?" என்றார்.

அந்த இடத்தில் நல்ல மனிதன் ஒருவன், "பாவுன்னு நினைச்சுட்டேன்" என்று சொல்லியிருப்பான். இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னேன்: "நாய். நாய் குறுக்க வந்துடுச்சு நயினாரே."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "அதுக்கு அடி படலியே?"

"இல்ல, ஓடிடுச்சு."

போட்டோ எடுத்தவர் ஓடி வந்தார். அவர் என் பொய்யை அங்கேயே உடைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "ஆமாங்க, இப்படித்தான் ஓடிச்சு, நான் பார்த்தேன்" என்று புதர்ப் பக்கம் கையைக் காட்டினார். ஏன் அப்படிச் சொன்னார் என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். விபத்து நடந்த இடத்தில், நான் பார்க்கவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வருவதில்லை. என் நாய்க்கு ஒரு நிமிடத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது.

வேலூருக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் முறிந்திருந்தது. ஸ்க்ரூ வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. முதல் நாள் அது வெறும் நாய். இரண்டாவது நாள் பழுப்பு நிறம் வந்தது. மூன்றாவது நாள் ஒரு காது மடிந்தது. நாலாவது நாள் அது என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி நின்றதாக நடித்துக் காட்டினேன். வராந்தாவில் சிரித்தார்கள். கதவருகே கட்டிலில் படுத்திருந்த நயினாரும் சிரித்தார். சிரித்தபோது இடுப்பு வலித்து, பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் என் கண்ணில் நிற்பது அந்த முகம்தான்.

நயினாரின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். முள்ளிப்பட்டைத் தாண்டி ஒரு ஊரில் வேலை. தினமும் ஸ்கூட்டியில் அந்த வளைவு வழியாகத்தான் போவார். தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நயினாரைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சர் காபியைக் கொடுத்துவிட்டு, "உங்க நாயைப் பார்த்தேங்க" என்றார்.

காபி என் சட்டைக்குப் போயிற்று.

"பழுப்புதான். நீங்க சொன்ன மாதிரியே ஒரு காது மடிஞ்சிருக்குது. அதே வளைவுல படுத்துகினு இருக்குது. பாவங்க, பின்னங்கால் ஒண்ணு நொண்டுது."

நயினார் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தார். "ஓடிடுச்சுன்னு சொன்னியேயா. அடி பட்டுத்தான் ஓடியிருக்குது."

"அது வேற நாயா இருக்கும் நயினாரே."

"பழுப்பு, காது மடிஞ்சது, அதே இடம். வேற நாயா?" போர்வைக்கு மேல் தன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் சக்கரம்தான் ஏறியிருக்கணும். எனக்கும் அதுக்கும் ஒரே கால்" என்றார்.

நான் வராந்தாவில் வரைந்த டிசைன் எப்படியோ நிஜத் தெருவில் இறங்கிப் படுத்துக்கொண்டிருந்தது. ஊரில் பழுப்பு நாய் ஆயிரம், காது மடிந்தது நூறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சட்டையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து டீச்சர் பிஸ்கட் போட ஆரம்பித்தார். நயினார்தான் சொல்லி அனுப்பினார். மருந்துக்கடைக்காரர் என்பதால் வெறும் பிஸ்கட்டோடு விடவில்லை. வெட்டினரி டாக்டரிடம் கேட்டு அந்தக் காலுக்கு என்ன கொடுக்கலாம் என்றுகூட விசாரித்தார். சாயந்திரம் டீச்சர் வந்ததும், முதலில் "இன்னிக்கு வந்துச்சா? காலை ஊணுச்சா?" என்று கேட்பாராம். தன் காலைப் பற்றி அவ்வளவு கேட்டதில்லை.

அவர் கால் சரியாகக் கூடவில்லை. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தடி இல்லாமல் நடக்க முடியாது. வாசலில் சைக்கிள் துணி போர்த்தியபடி நின்றது. வைகாசியில் ஒரு நாள் போனபோது அது இல்லை. "சென்னையில என் தம்பி பொண்ணுக்குக் குடுத்துட்டேன். நல்ல உயரம் அவ" என்றார். சீட்டை இறக்க வேண்டியிருக்காது என்று ஒரு ஜோக் என் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவ்வளவு பெரிய ஜோக் ஒன்றும் இல்லை. ஆனாலும் விழுங்கக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழுவோடு போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வரிசையில் கடைசி ஆளாக. யாராவது என் பின்னால் வந்தால், "முன்னாடி போங்க, எனக்கு மூச்சு வாங்குது" என்று அனுப்பிவிடுவேன். முதுகு அகலமானவன் பின்னால் போனால் யாருக்கும் பிரயோசனமில்லை என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். என் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்கிற நினைப்பு வந்தாலே உள்ளங்கை ஈரமாகி ஹேண்டில்பார் வழுக்கியது.

இந்த நிலையில்தான் பத்து பாயிண்ட் எழுதச் சொன்னார்கள். மூன்றாவது பாயிண்ட்டில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை நயினார் வீட்டுக்குப் போனேன். கிளம்புவதற்கு முன் மூன்று தடவை பாத்ரூம் போனேன். வழியில் ஒரு தடவை, ஏதோ மறந்துவிட்டோம் என்று பாதி தூரம் திரும்பி வந்தேன். மறந்தது ஒன்றுமில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. நயினார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தடி நாற்காலிக்கு அருகில் சாய்ந்திருந்தது. டீச்சர் உள்ளே நோட்டு திருத்திக்கொண்டிருந்தார்.

"வாயா. பாயிண்ட்டு எழுதிட்டியா? குரூப்புல உன்னைக் கிழிச்சுகினு இருக்கானுங்க."

போனை எடுத்து முதல் இரண்டையும் படித்தேன். நெல்லில் ஏறினால் திட்டு வாங்கிக்கொண்டு போ என்கிற இடத்தில் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்குது. மூணாவது எங்க?"

"மூணாவதுதான் வரல நயினாரே."

"பின்னாடி ஆள் இருந்தா பிரேக் புடிக்காதேன்னு போடு. அதான் முக்கியம். நாய் வந்தாக்கூட, குரல் குடுத்துட்டுப் புடின்னு போடு."

நான் சொன்னேன். உட்காராமல், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். நாய் இல்லை. இரண்டு பேர் நின்றார்கள். கை தூக்கி நின்றார்கள். பாவு என்று நினைத்துப் பிடித்துவிட்டேன். பாவும் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நயினார் இட்லியைத் தட்டில் வைத்தார்.

"பாவா?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும் ஆள் நின்னாங்களா?"

"ஆமா."

அவர் முகம் ஒரு விநாடி இளகியது. அந்த ஒரு விநாடிக்குத்தான் நான் ஏழு மாதமாகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "நானா இருந்தாலும் புடிச்சிருப்பேன்யா" என்றார். "நம்மூர்க்காரன் எவனா இருந்தாலும் புடிச்சிருப்பான். அன்னிக்கே அதைச் சொல்லியிருந்தா, அங்கயே விட்டிருப்பேன்."

பிறகு இளகியது போய்விட்டது. உள்ளே டீச்சர் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"இவங்க தினமும் வண்டியை நிறுத்தி நிறுத்திப் போனாங்க. மழையில போனாங்க. நான் இங்க உட்கார்ந்துகினு, ஒரு வாயில்லாத ஜீவனோட காலை உடைச்சிட்டேன்னு ஆறு மாசமா அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுகினு இருக்கேன். தினம் கேக்குறேன். நீ எதிர்ல உட்கார்ந்து காபி குடிச்சே."

"நயினாரே..."

"நீ போயா. இருட்டுறதுக்குள்ள நான் சாப்பிடணும்."

போனேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், பாதித் தெருவில்தான் கவனித்தேன். டீச்சருடைய செருப்பு. திரும்பிப் போய் வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டு வந்தேன். என் அவமானத்தில்கூட ஒரு ஒழுங்கு கிடையாது.

பத்து நாள் அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. குழுவில் போடும் செய்திகளைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். மருந்துக்கடை வழியாகப் போக நேர்ந்தால் நான் அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு போனேன். எனக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய், வேறொரு கடையில் வாங்கினேன். மாத்திரை அதேதான். விழுங்கும்போது திருட்டுப் பொருள் மாதிரி இருந்தது.

பதினோராவது நாள் காலையில் போன் வந்தது. நயினார்.

"அந்த நாய்க்கு இனிமே இவங்க போட மாட்டாங்க" என்றார்.

"சரிங்க."

"நீ போய்ப் போடு."

"நானா?"

"நீதானே அதை உண்டாக்கினே. நீயே சோறு போடு." வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவை அனுப்பிவிட்டு நான் தனியாக முள்ளிப்பட்டு வழியில் போனேன். சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. எதிர்க்காற்றுக்கும் ஒரு பாயிண்ட் இருக்கிறது: கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் போ, காற்றோடு சண்டை போட்டு ஜெயித்தவன் கிடையாது. தெரிந்த பாயிண்ட்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டுகினேதான் போனேன்.

நாய் இருந்தது. நான் சொன்ன பழுப்பு, நான் மடித்த காது. ஸ்கூட்டி சத்தத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்தது போல. என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை. பிஸ்கட்டைப் போட்டதும் மூன்று காலில் வந்து, முகர்ந்து, தின்றது. வால் ஆட்டவில்லை. வளைவுக்கு முந்தின கடைசி வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "டீச்சரம்மா வரலியா?" என்றார்.

"இனிமே நான்தாங்க."

"அது குட்டியிலயே நொண்டிங்க. நாங்களே பார்த்து வளர்ந்ததுதான்."

அதை நயினாருக்குச் செய்தியாக அனுப்பினேன். அவருக்கு இனி அது தேவையில்லாத செய்தி, ஆனாலும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. நான் சைக்கிளில் ஏறப்போகும்போது பதில் வந்தது: 'கிரீம் பிஸ்கட் போடாதே. அதுக்கு ஆகாது.'

கையிலிருந்தது கிரீம் பிஸ்கட்தான்.

அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு நாயைப் பற்றி மட்டும்தான். வந்தது, தின்றது, இன்று மழை, அதனால் வரவில்லை. அவர் ஒரு வரியில் பதில் போடுவார், சில நாள் போட மாட்டார். என் கேள்விகளுக்குப் பதில் வராது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை கேட்டேன். இப்போது கேட்பதில்லை.

மூன்றாவது பாயிண்ட்டை எழுதிக் குழுவில் போட்டுவிட்டேன். இல்லாத பாவு, இல்லாத நாய் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட்டேன். யாரும் சிரிக்கும் பொம்மை போடவில்லை. புதியவர்களில் ஒருவர் மட்டும், 'சார், பாவு என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார். வெளியூர்க்காரர். அவர் பின்னால் தைரியமாகப் போகலாம்.

மற்ற ஏழு பாயிண்ட்டும் இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் அந்த வளைவுக்குப் போய்விட்டுத்தான் குழுவோடு சேர்ந்துகொள்கிறேன். பால் பிஸ்கட். வளைவு வருவதற்கு முன்பே வலது கையை இறக்கி, உள்ளங்கையைப் பின்னால் காட்டி, "நிக்குறேன்" என்று குரல் கொடுக்கிறேன். பிறகு மெதுவாகப் பிரேக் பிடிக்கிறேன். பின்னால் யாரும் வருவதில்லை.